விமானத்தில் மைப்பேனா: கக்காமல் கொண்டுபோக ஒரு வழிகாட்டி

மைப்பேனா விமானத்தில் கக்கிவிட்டால் மையைத் திட்டுவோம், பேனாவைச் செய்தவரைத் திட்டுவோம். வேலையைக் காட்டுவது என்னவோ பேனாவுக்குள் அடைபட்டுக் கிடக்கும் காற்றுதான். அந்தக் காற்று எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது, வெளியேற வழி இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துக்கொண்டால் போதும், சட்டைப் பை நனையாது.

உள்ளே என்ன நடக்கிறது

பயணிகள் விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் கேபினுக்குள் அந்த உயரத்தின் காற்றழுத்தம் இருக்காது. 8,000 அடி உயர மலையில் எவ்வளவு இருக்குமோ, அதற்குக் குறையாமல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய ரகங்களில் சுமார் 6,000 அடி அளவுக்கு. 8,000 அடி என்றால் ஊட்டிக்கு மேலே, தொட்டபெட்டாவுக்குக் கொஞ்சம் கீழே. 6,000 அடி என்றால் நுவரெலியா. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் நாலைந்து மணி நேரம் மூச்சு வாங்கி ஏறுகிற ஏற்றத்தை விமானம் அரை மணிக்குள் ஏறிவிடுகிறது. காரில் ஊட்டிக்குப் போகும்போது பேனா கக்கியிருந்தால் அதற்கும் இதே காரணம்தான்.

கடல் மட்டத்தில் மூடிய காற்று, 8,000 அடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். 6,000 அடியில் கால் பங்கு. இதைப் பேனாவுக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லி கொள்ளும் கன்வர்ட்டரில் (பாட்டிலிலிருந்து மை இழுக்க, பேனாவுக்குள் செருகும் சின்னக் குழாய்) பாதி மை, பாதி காற்று. அரை மில்லி காற்று விரிந்து சுமார் 0.17 மில்லி மையை முன்னே தள்ளும். ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால் மூன்று சொட்டுக்குச் சற்று மேல். நிப்புக்கு அடியிலுள்ள நாக்கில் சீப்புப் பல் போன்ற வெட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவை அழகுக்கு வைத்தவை அல்ல. இப்படித் திடீரென்று வரும் உபரி மையைத் தாங்கிப் பிடிப்பதற்காக வைத்தவை. ஓரிரண்டு சொட்டு என்றால் அவை சமாளிக்கும்.

இப்போது மூன்று மில்லி கொள்ளும் பெரிய பேனா. ஒரு மில்லி மை, இரண்டு மில்லி காற்று. தள்ளப்படும் மை 0.7 மில்லி, அதாவது பதினான்கு சொட்டு. எந்த நாக்கும் இதைத் தாங்காது. பாதி காலியான பெரிய பேனாதான் விமானத்தில் மிக மோசமான ஆசாமி என்பதற்குக் கணக்கு இதுதான். மை குறைவாக இருந்தால் கக்குவதும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது நேர் எதிர்.

ஆக, வழி மூன்று. காற்றே இல்லாதபடி வாய்வரை நிரப்புவது. மையே இல்லாதபடி கழுவிக் காலியாகக் கொண்டுபோவது. இரண்டும் இல்லையென்றால், நிப்பு வானத்தைப் பார்க்கும்படி வைத்து, காற்று மையைத் தள்ளாமல் தான் மட்டும் வெளியேற விடுவது. முதல் வழியோடு மூன்றாவதையும் சேர்த்துச் செய்தால் பெரும்பாலான பேனாக்கள் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் போய்ச் சேரும்.

உங்கள் பேனா எந்த ரகம்

கார்ட்ரிட்ஜ் (மை அடைத்து விற்கும் குட்டிக் குப்பி) போடும் பேனா புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தோதானது. கிளம்பும் முன் அரைகுறையாகத் தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகுங்கள். உடைக்காத கார்ட்ரிட்ஜ்கள் சீல் வைத்தவை, பையில் எப்படிக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பாதி எழுதியதை மறுபடி மூடி வைக்க வழியில்லை. நாலு சொட்டு மைக்காக அதைச் சுமந்துபோக வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கன்வர்ட்டர் பேனாவும், மை இழுக்கும் பிஸ்டன் உடலிலேயே அமைந்த பிஸ்டன் பேனாவும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். நிரப்பும் விதம் கீழே வருகிறது. பிஸ்டன் பேனாவில் கொள்ளளவு அதிகம், அதனால் பாதி காலியாக ஏற்றினால் ஆபத்தும் அதிகம்.

ஃபில்லரால் நேரடியாக உடலுக்குள் மை ஊற்றும் பேனாக்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சென்னையின் காமா, திருவள்ளூரின் ரங்கா, ராஜமுந்திரியின் ரத்னம் என்று நம் பக்கத்து எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களில் பெரும்பாலானவை இந்த வழிவந்தவைதான். சிலவற்றில் இப்போது கன்வர்ட்டரும் போடலாம். பயணத்துக்கு அந்த வசதி இருந்தால் கன்வர்ட்டரையே போடுங்கள். இல்லையென்றால், வாய்வரை நிரப்புங்கள் அல்லது காலி செய்யுங்கள். நடுவில் எதுவும் கூடாது. இவற்றில் இன்னொரு சிக்கல் சூடு. எபோனைட் சுவர் தடிமனாக இருப்பதால் கைச்சூடு மெதுவாகத்தான் ஏறும். மெல்லிய பிளாஸ்டிக் உடலில் சீக்கிரம் ஏறிவிடும். பத்து டிகிரி சூடு கூடினாலே காற்று மூன்று சதவீதம் விரியும். இரண்டு மில்லி காற்றுக்கு அது ஒரு சொட்டுக்கு மேல்.

பின்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே அடைப்பு விழும் பேனாக்கள் விமானத்துக்கென்றே பிறந்தவை. பைலட் கஸ்டம் 823, ட்விஸ்பி வேக் 700, ஓப்பஸ் 88 நிறுவனத்தின் பல பேனாக்கள் இந்த வகை. குமிழை இறுக்கிவிட்டால் மைத்தொட்டிக்கும் நாக்குக்கும் நடுவே வழி அடைபடும். தொட்டியில் காற்று எவ்வளவு விரிந்தாலும் மை முன்னே வராது. நாக்கின் பக்கம் தங்கிய கொஞ்சம் மையோடு ஒரு பக்கம், இரண்டு பக்கம் எழுதலாம். அதற்கு மேல் எழுத வேண்டுமென்றால் குமிழை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்த்த வேண்டும். ஏறும்போது தளர்த்த வேண்டாம்.

நிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் பைலட் கேப்லெஸ் பேனாவில் ஒரு நல்ல குணம்: கிளிப் நிப்புப் பக்கத்தில் இருப்பதால், பையில் மாட்டினாலே நிப்பு மேல்நோக்கித்தான் நிற்கும். ஆனால் வழிந்தால் தடுக்க மூடி இல்லை.

‘நிப்பு மேலே’ என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஹீரோ 616 போல, ரப்பர் பையை அமுக்கி மை இழுக்கும் பேனாக்களில் உள்ளே ஒரு மெல்லிய காற்றுக் குழாய் பையின் அடிவரை போகும். நிப்பை மேலே வைத்தால் குழாயின் வாய் மைக்குள் மூழ்கியிருக்கும், காற்றோ மைக்கு மேலே நிற்கும். விரியும் காற்று மையை அழுத்த, மை குழாய் வழியே மேலேறும். பார்க்கர் 51 பேனாவின் அமுக்கு மாடலில் இதற்காகவே குழாயின் மேற்பகுதியில் பொடித் துளை ஒன்று வைத்தார்கள். உங்கள் பேனாவில் அது இருக்கிறதா, அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதைவிடக் காலி செய்வது எளிது.

முந்தின இரவு

பேனாவைப் புறப்படும் அவசரத்தில் நிரப்பாதீர்கள். முந்தின இரவே நிரப்பினால், மரையில் கசிவு இருந்தாலும் காலைக்குள் காட்டிக்கொடுத்துவிடும். கன்வர்ட்டரை ஒரே இழுப்பில் முழுதாக நிரப்ப முடியாது. முதல் இழுப்பில் நாக்கிலிருந்த காற்றும் சேர்ந்து உள்ளே போய்விடும். இப்படிச் செய்யுங்கள்:

1. நிப்பு முழுவதும் கழுத்தின் ஓரம்வரை மையில் மூழ்கட்டும். பிஸ்டனை அடிவரை இறக்கி, மெதுவாக மேலே இழுங்கள். மேலே வந்ததும் ஐந்து விநாடி அப்படியே வைத்திருங்கள்.

2. வெளியே எடுத்து நிப்பை மேல்நோக்கித் திருப்புங்கள். கன்வர்ட்டரை விரலால் இரண்டு மூன்று முறை சுண்டினால் காற்றுக் குமிழ் கழுத்துப் பக்கம் ஏறும். குறுகலான கன்வர்ட்டர்களில் மை ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். பைலட் நிறுவனத்தின் கான்-40 கன்வர்ட்டருக்குள் குட்டிக் குண்டுகள் போட்டிருப்பதே அந்தப் பிடிவாதத்தைக் கலைக்கத்தான்.

3. நிப்பு மேலே இருக்கும் நிலையிலேயே பிஸ்டனை மெல்லத் திருகிக் காற்றை வெளியேற்றுங்கள். நிப்பின் அடியில் மை எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள்.

4. பிஸ்டனை அசைக்காமல் திரும்ப மைக்குள் விட்டு மறுபடி மேலே இழுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை.

5. கழுத்தையும் நிப்பையும் பழைய பனியன் துணியால் துடையுங்கள். பிறகு நாக்கின் அடிப்பக்கத்தை டிஷ்யூவில் இரண்டு மூன்று விநாடி ஒற்றுங்கள்.

கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுவார்கள். இப்போதுதான் மையில் முங்கி எழுந்த நாக்கின் வெட்டுகள் எல்லாம் மையால் நிறைந்திருக்கும். உபரி மைக்கு இடம் வேண்டுமே. கொஞ்சம் ஒற்றி எடுத்தால் அந்தப் பல்லிடுக்குகள் காலியாகி, ஏறும்போது வரும் ஒன்றிரண்டு சொட்டைத் தாங்கத் தயாராக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸை நிப்பில் வைத்து உறிஞ்சியவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. ஆனால் சாக்பீஸ் வேண்டாம், அதன் தூள் நாக்கை அடைக்கும்.

ஃபில்லரால் ஊற்றும் பேனாவில், மை மரையின் தொடக்கம்வரை வரட்டும். மரை மேல் ஏறக் கூடாது. மரையைத் துடைத்து, அதன் மேல் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள், அரிசி மணியளவு போதும். வாஸலின் தடவாதீர்கள். ரப்பர் வளையம் இருந்தால் அது ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். பிறகு கழுத்தைக் கையால் இறுகும்வரை மட்டும் திருகுங்கள். இடுக்கி போட்டு இறுக்கினால் எபோனைட் விரிசல் விடும்.

காலியாகக் கொண்டுபோவதென்றால், சாதாரணத் தண்ணீரை இழுத்து இழுத்துத் தள்ளுங்கள். தண்ணீர் தெளியும்வரை. நிப்பைக் கீழ்நோக்கி டிஷ்யூ மேல் ஒரு இரவு நிறுத்தி வைத்தால் மீதி ஈரமும் இறங்கிவிடும். ஈரத்தோடு ஏற்றினால் மை வராது, ஆனால் வெளிறிய நீலத் தண்ணீர் வரும். வெள்ளைச் சட்டைக்கு அதுவும் போதும்.

எந்த மை என்பதும் முக்கியம். பயணத்துக்கு ராயல் புளூ மாதிரி, கழுவினால் போகிற மை நல்லது. நிறமித்துகள் கலந்த மையும், இரும்புச் சத்து மையும் துணியில் பட்டால் போகாது. காகிதத்தில் அழியக் கூடாது என்பதற்காகவே செய்த மை துணியில் மட்டும் எப்படி அழியும்?

எதில் வைத்து எடுத்துப்போவது

மூடியை முழுதாகத் திருகி மூடுங்கள். பேனாவைச் சின்ன ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிப் பூட்டுங்கள். காற்றோடு பூட்டினால் அந்தப் பையும் மேலே போய் பலூன் மாதிரி உப்பும். ஒரு பைக்கு ஒரு பேனா. ஒன்று கக்கினால் மற்றவற்றைக் குளிப்பாட்ட வேண்டாம்.

மூடிக்குள் டிஷ்யூவோ பஞ்சோ திணிக்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வார்கள். நிப்பைத் தொடும் டிஷ்யூ விளக்குத் திரி மாதிரி மையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கக்காத பேனாவையும் அது காலி செய்துவிடும். டிஷ்யூவைச் சுற்றுவதென்றால் மூடிய பேனாவின் வெளியே சுற்றுங்கள்.

பேனா கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டி போகும் சரக்கு அறையிலும் கேபினில் உள்ள அதே அழுத்தம்தான். ஆகவே அங்கே வைத்தால் பேனா வெடிக்கும் என்பது கதை. அங்கே வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு: பெட்டியை எந்தப் பக்கம் சாய்த்துப் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை, தூக்கியெறியும் வேகமும் நம் கையில் இல்லை, பெட்டி தொலைந்தால் பேனாவும் போகும்.

பாதுகாப்புச் சோதனை

மைப்பேனாவுக்குத் தடை எதுவும் இல்லை. ஸ்கேனர் மையை ஒன்றும் செய்யாது. தடித்த உலோகப் பேனாவைத் திறந்து காட்டச் சொல்லலாம். அப்போது நிப்பை மேல்நோக்கிப் பிடித்து நீங்களே திறந்து காட்டுங்கள். அவர் கையில் கொடுத்தால் மூடியை வெடுக்கென்று இழுப்பார், சிதறுவது அவர் சீருடை மேல்.

மை பாட்டில் திரவக் கணக்கில் சேரும். வெளிநாட்டுப் பயணத்தில் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்கு மிகாமல், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் தெளிவான பையில் அடங்க வேண்டும். பார்ப்பது பாட்டிலின் அளவை, உள்ளிருக்கும் மையை அல்ல. 133 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. 50, 60 மில்லி பாட்டில்களுக்குச் சிக்கல் வராது. சிலிக்கான் கிரீஸ் டப்பாவையும் அதே பையில் போடுங்கள். மை ஏற்றும் சிரிஞ்சு, ஊசி மழுங்கியதாக இருந்தாலும், செக்-இன் பெட்டிக்குப் போகட்டும். அங்கே நின்று அதன் உபயோகத்தை விளக்கும் நேரத்தில் ஒரு காபி குடிக்கலாம்.

இருக்கையில்

கவனம் முழுவதும் தேவைப்படுவது புறப்பட்ட முதல் அரை மணி நேரம். கேபின் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும், காற்று விரிந்துகொண்டே இருக்கும். இந்த நேரத்தில் பேனா நிப்பு மேலே பார்க்க நிற்க வேண்டும். பேனாவைக் கைப்பைக்குள் போட்டு மேல் அலமாரியில் படுக்கப் போட்டால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் பாதி வீண். கிளிப் உள்ள பேனா சட்டைப் பையில் இயல்பாகவே நிப்பு மேலே நிற்கும், ஜிப்லாக் பையோடு சேர்த்தே செருகுங்கள். சட்டைப் பை இல்லையா, முன் இருக்கையின் பின்னுள்ள பையில் நிமிர்த்திச் செருகுங்கள். இறங்கும்போது அங்கேயே மறந்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய, கிளிப்பில் ஏதாவது அடையாளக் கயிறு கட்டி வெளியே தொங்கவிடலாம்.

ஏறும்போது மூடியைத் திறக்க வேண்டாம். இருக்கைவார் விளக்கு அணைந்து விமானம் சமமாகப் பறக்கத் தொடங்கியபின் எழுதலாம். நிப்பை மேலே வைத்து, மூடியை நிதானமாகக் கழற்றுங்கள். இழுத்துக் கழற்றும் மூடிகளில் இது ரொம்ப முக்கியம். காற்றுப் புகாத மூடியை வேகமாக இழுத்தால் அது பம்பு மாதிரி மையை நாக்கிலிருந்து உறிஞ்சி வெளியே கொண்டுவந்துவிடும். கக்கியது விமானம் அல்ல, உங்கள் கை. நிப்பில் முத்துப்போல் மை நின்றால் டிஷ்யூவால் ஒற்றிவிட்டு எழுதத் தொடங்குங்கள். முதல் இரண்டு வரி பட்டையடித்தாலும் பிறகு சரியாகிவிடும்.

நீண்ட பயணங்களில் எரிபொருள் தீரத் தீர விமானம் படிப்படியாக இன்னும் மேலே ஏறும். அதனால் எழுதி முடித்ததும் பேனாவைத் திரும்ப நிமிர்த்தியே வையுங்கள். மதுரை, சென்னை, துபாய், அங்கிருந்து இன்னொன்று என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு புறப்பாடும் ஒரு புது ஏற்றம். முதல் விமானத்தில் நிறைய எழுதியிருந்தால், இரண்டாவதில் ஏறுவது பாதி காலியான பேனா. நடுவில் காத்திருக்கும் நேரத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள் அல்லது கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். உள்ளே காற்று சுருங்கும், நாக்கில் நின்ற மை உள்ளே இழுக்கப்படும். இறக்கத்தில் பேனா கக்காது. ஏற்றத்தில் மூடிக்குள் கக்கியதை இறங்கியபின் பார்த்துவிட்டு, இறங்கும்போதுதான் கக்கியது என்று நினைப்பார்கள்.

மை பாட்டில்

செக்-இன் பெட்டியில் போகும் பாட்டில் தலைகீழாகக் கிடக்கும் என்றே எண்ணிக் கட்டுங்கள். 50 மில்லி பாட்டிலில் பாதிதான் மை என்றால், உள்ளே இருக்கும் 25 மில்லி காற்று இன்னும் எட்டு மில்லிக்கு மேல் இடம் கேட்கும். மூடி இறுக்கமாக இருந்தால் தாங்கும், சற்றுத் தளர்ந்திருந்தால் அவ்வளவு மையும் துணிமணிக்குள். வாய் மரையைத் துடைத்து, பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, மூடி திரும்பும் திசையிலேயே சுற்றி, மேலே மூடியைத் திருகுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் மூடும்போதே டேப் உருண்டு வந்துவிடும். பிறகு இரண்டு ஜிப்லாக் பை, அதன் மேல் ஒரு தடித்த துணி, பெட்டியின் நட்ட நடுவில் இடம். ஒரு வாரப் பயணத்துக்கு முழு பாட்டில் எதற்கு என்று கேட்டால், ஐந்து மில்லி பிளாஸ்டிக் குப்பி இரண்டு போதும். கன்வர்ட்டரை பத்துப் பன்னிரண்டு முறை நிரப்பலாம்.

போய்ச் சேர்ந்தபின்

முதல் தடவை திறப்பது தங்கும் அறையின் வாஷ்பேசினுக்கு மேலேயே நடக்கட்டும். நிப்பு மேலே, கையில் டிஷ்யூ. மூடிக்குள் எட்டிப் பாருங்கள், ஈரம் இருந்தால் டிஷ்யூவைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டுத் துடையுங்கள். இதைச் செய்யாமல் மூடினால் அந்த மை கழுத்தில் ஒட்டி, அடுத்து எழுதும்போது விரலெல்லாம் நீலம். பேனா இன்னும் கக்குகிறது என்று தோன்றும், ஆனால் அது பழைய மைதான்.

குமிழை இறுக்கி அடைத்திருந்தால் தளர்த்த மறக்காதீர்கள். ஒரு பக்கம் எழுதி மை வரண்டதும் நிப்பு கெட்டுவிட்டது என்று ராவித் தீட்டுகிறவர்கள் உண்டு.

துணியில் பட்டுவிட்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள். துணியின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள், மை வந்த வழியே வெளியேறும். சுடுதண்ணீர் வேண்டாம், இஸ்திரி சூடும் வேண்டாம். கறை முழுதாகப் போகும்வரை துணியைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருங்கள். விரலில் பட்டது இரண்டு நாளில் தானாகப் போய்விடும்.